மறதி நோயுள்ள பெற்றோருக்கு முதியோர் இல்லத்தில் தனிக் கவனிப்பைக் கேட்டு வாங்குவது எப்படி

"அம்மாவ நல்லா பாத்துக்கிடுங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறுகிறோம். சிஸ்டரும் "சரி" என்கிறார். இருவரும் மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஒரு வரியில் யாரும் செய்வதற்கு வேலை எதுவும் இல்லை. "தினமும் காலை 11 மணிக்கும் மாலை 4 மணிக்கும் ஒரு டம்ளர் நீர்மோர். டம்ளரைக் கையில் பிடிக்க வைக்கவேண்டும், குடித்த அளவை நோட்டில் எழுதவேண்டும்" என்பதில் வேலை இருக்கிறது. நடந்ததா இல்லையா என்று அடுத்த வாரம் பார்க்கவும் முடியும். கேட்பதை நேரமும் அளவும் பொறுப்பாளும் உள்ள ஒரு வரியாக மாற்றிக் காகிதத்தில் கொடுத்தால்தான் அது கிடைக்கும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலைப் பக்கம் உள்ள முதியோர் இல்லங்களில் பிள்ளைகள் வளைகுடாவிலோ சென்னையிலோ இருக்கும் பெற்றோர் பலர். தானே குளித்து, தானே சாப்பிட்டு, பேச்சுத்துணை மட்டும் தேடும் முதியவர்களை மனதில் வைத்தே பெரும்பாலான இல்லங்கள் தொடங்கப்படுகின்றன. மறதி நோய், அதாவது டிமென்ஷியா, உள்ளவரின் தேவை வேறு. பசி, வலி, மூத்திர முட்டல் எதையும் அவரால் சொல்லத் தெரியாது. கேட்காததால் கொடுக்கவில்லை என்று இல்லம் சொல்வது இவர் விஷயத்தில் பொருந்தாது. 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்த நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. ஆகவே இது உங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டும் அல்ல. இல்லத்தில் இருக்கும் இன்னும் சிலருக்கும் இது தேவைப்படும். அந்தக் குடும்பங்களைத் தேடிப் பிடியுங்கள். மூன்று குடும்பங்கள் சேர்ந்து கேட்டால் இல்லம் அதைத் தட்டிக்கழிப்பது கடினம்.

முதலில் மருத்துவர் எழுதிய காகிதம்

"வயசாச்சு, ஓர்மை (நினைவு) இல்ல" என்று வாயால் சொல்வது போதாது. நோயின் பெயர், வகை, எந்தக் கட்டம், என்ன மருந்து என்ற நான்கும் எழுதிய குறிப்பு கையில் வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்த்துத் தொடங்கலாம். வகை தெளிவாகாவிட்டால் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் மருத்துவ நிறுவனத்தில் நினைவாற்றல் சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு உள்ளது. நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர்.

பார்க்கும்போது பி12 வைட்டமின், தைராய்டு, சோடியம், சர்க்கரை இந்த நான்கு ரத்தப் பரிசோதனைகளும் செய்தாயிற்றா என்று கேளுங்கள். இவற்றில் எது கெட்டாலும் ஓர்மை குழம்பும், சரிசெய்தால் தெளியவும் கூடும். சமீபத்தில் விழுந்தவர் என்றால் தலை ஸ்கேனும் தேவை. மண்டைக்குள் மெல்ல ரத்தம் கசிந்து கட்டியிருந்தால், வெளியே பார்க்க அது மறதி நோய்போலவே இருக்கும்.

வகை ஏன் முக்கியம்? லூவி பாடி என்ற வகையில், இல்லாத ஆட்களும் குழந்தைகளும் கண்ணுக்குத் தெரிவார்கள். கை நடுங்கும், நடை தளரும். இவர்களை அடக்க ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தைக் கொடுத்தால் உடம்பு விறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். "இவருக்கு ஹாலோபெரிடால் கூடாது" என்று மருத்துவர் எழுதிய வரி, இல்லத்தின் கோப்பில் முதல் பக்கத்தில் இருக்கவேண்டும்.

ஒரு பக்க வாழ்க்கைக் குறிப்பு

பணியாளருக்கு உங்கள் அப்பா 4ஆம் எண் கட்டில்காரர். அவர் யார் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கட்டிலுக்கு மேலே ஒட்டுங்கள். புகழுரை வேண்டாம். கவனிப்புக்கு உதவும் செய்தி மட்டும் போதும்.

ரப்பர் பால் வெட்டியவர் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து கதவைத் தட்டுவார். கட்டுமரத்தில் போனவரும் அப்படித்தான். இல்லத்தின் கண்ணுக்கு அது "ராத்திரி தொந்தரவு". அவர் உடம்புக்கு அது நாற்பது வருட வேலை நேரம். இதை எழுதிவைத்தால் இரவுப் பணியாளர் மல்லுக்கட்டாமல் ஒரு கப் சூடான பால் கொடுத்து, தலையில் துண்டைக் கட்டிவிட்டு, வராந்தாவில் இரண்டு சுற்று கூட்டிப்போய்த் திரும்பப் படுக்க வைக்கலாம். மருந்து தேவைப்படாது.

மொழியையும் எழுதுங்கள். விளவங்கோடு, கிள்ளியூர்ப் பக்கத்து முதியவர்களில் சிலர் சின்ன வயதில் பேசிய மலையாளத்துக்கே திரும்பிவிடுவார்கள். பிந்திப் படித்த மொழி முதலில் போகும். வெளிமாநிலத்திலிருந்து வந்த பணியாளருக்குத் தமிழே அரைகுறை என்றால், அப்பா "வெள்ளம்" என்று தண்ணீர் கேட்பது யாருக்கும் புரியாது. அவர் சொல்லும் பத்துச் சொற்களைப் பொருளோடு எழுதி ஒட்டுங்கள்: தண்ணீர், மூத்திரம், வலி, குளிர், பசி, வீட்டுக்குப் போகணும்.

மாலை ஆறு மணி வழக்கம் கட்டாயம் இருக்கவேண்டும். பொழுது சாயும் நேரத்தில்தான் படபடப்பு கூடும். வீட்டில் அந்த நேரம் குடும்ப ஜெபமோ, விளக்கேற்றலோ, மஃரிப் தொழுகையோ இருந்திருக்கும். அதே நேரத்தில், அதே பாட்டோடு, விளக்குகளை முன்கூட்டியே எரியவிட்டு அதைச் செய்தால் பலர் அடங்கி உட்காருவார்கள். மின்வெட்டு வந்தால் அந்த அறைக்கு முதலில் வெளிச்சம் என்பதையும் கேட்டு வையுங்கள்.

கண்ணாடி, பல்செட், காதுக்கருவி மூன்றிலும் பெயர் எழுதுங்கள். காது கேட்காதவரையும் கண்புரை வந்தவரையும் "நோய் முத்திப்போச்சு" என்று தவறாக எண்ணுவது அடிக்கடி நடக்கிறது.

எதைக் கேட்கவேண்டும்

ஒரே நாளில் இருபது கோரிக்கை வைத்தால் ஒன்றும் நடக்காது. முதல் மாதம் தண்ணீர், கழிப்பறை, சாப்பாடு. பிறகு மற்றவை.

தண்ணீர்: நாளுக்கு 200 மில்லி டம்ளரில் ஏழு. இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு மருத்துவர் சொல்லும் அளவு. கட்டிலருகே செம்பு வைத்துவிட்டால் போதாது, கையில் கொடுத்துக் குடிக்க வைக்கவேண்டும். மாலை நான்கு மணிக்குப் பிறகு கட்டன் சாயா (பால் விடாத தேநீர்) வேண்டாம், தூக்கம் கெடும்.

கழிப்பறை: விழித்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, கேட்காமலே கூட்டிப்போகவேண்டும். மலம் கழிந்த நாளைக் குறிக்கவேண்டும், மூன்று நாள் தாண்டினால் நர்சிடம் சொல்லவேண்டும். நாளெல்லாம் டயப்பர் கட்டிவிடுவது பணியாளருக்குச் சுலபம். ஆனால் ஈரத்தில் தோல் வெந்து, மூத்திரத் தொற்று வந்து, ஒரு வாரத்தில் ஆளே மாறிப்போவார். கழிப்பறைக் கதவுக்கு மட்டும் வேறு நிறம் அடித்து, அதில் படம் ஒட்டச் சொல்லுங்கள். வெள்ளைத் தரையில் வெள்ளை இருக்கை அவர் கண்ணுக்குப் பிரிந்து தெரியாது.

சாப்பாடு: நம்மூர் உணவில் சிலது விழுங்கத் தெரியாதவருக்கு ஆபத்து. புட்டு உதிரி உதிரியாகக் காய்ந்திருப்பதால் தொண்டையில் ஒட்டும். பாலோ பயறுக் கறியோ விட்டுக் குழைத்துத்தான் கொடுக்கவேண்டும். கஞ்சி எளிது என்று நினைக்கிறோம். தண்ணீரும் பருக்கையும் தனித்தனியாக இருக்கும் கஞ்சி புரையேறுவதற்குத் தோது, அதை ஒன்றாகக் கடைந்து கொடுக்கவேண்டும். மீன் முள்ளெடுத்து உதிர்த்து, மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளி) நார் நீக்கி மசித்துக் கொடுக்கவேண்டும். மட்டி வாழைப்பழம் கையால் மசிந்துவிடும், நல்லது. சாப்பிடும்போது நிமிர்ந்து உட்காரவேண்டும், முடித்த பிறகும் அரை மணி நேரம் படுக்கக் கூடாது. சாப்பிட்டதும் குரல் கரகரத்தாலோ இருமினாலோ அதை எழுதச் சொல்லுங்கள். நுரையீரலுக்குள் உணவு போவதன் அறிகுறியாக அது இருக்கலாம்.

மாதம் ஒரு நாள் எடை. 50 கிலோ உள்ளவர் ஒரே மாதத்தில் 2.5 கிலோவோ, ஆறு மாதத்தில் 5 கிலோவோ குறைந்தால் மருத்துவர் பார்த்தாகவேண்டும். "வயசானா மெலியத்தான் செய்யும்" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

வலி: முனகல், முகச்சுளிப்பு, மூச்சு வாங்கல், உடம்பு விறைப்பு, தேற்றினாலும் அடங்காமை என்ற ஐந்தையும் தலா 0 முதல் 2 வரை மதிப்பிட்டு, 10க்கு எத்தனை என்று பார்க்கும் முறை ஒன்று உண்டு. பெயினேடு என்பார்கள். கற்றுக்கொள்ள அரை மணி நேரம் போதும். பேச முடியாதவருக்கு வேறு வழியில்லை, இதை நர்ஸ் பழகும்படி கேளுங்கள்.

இரவு: பகலில் எத்தனை பேர் என்று எல்லோரும் கேட்கிறார்கள். இரவு பத்து மணிக்குமேல் எத்தனை பேர் விழித்திருப்பார்கள், இந்த மாடியில் யார் என்று கேளுங்கள். முப்பது பேருக்கு ஒரு ஆயா, அவரும் கீழ்த்தளத்தில் என்றால், அங்கே மறதி நோயுள்ளவரை விடுவது சரியல்ல.

வெளியேறல்: நம் மாவட்டத்தில் காம்பவுண்டைத் தாண்டினால் கிணறு, குளம், கால்வாய். மழைக்காலம் வேறு இரண்டு. கிணற்றுக்குக் கம்பிவலை மூடி உண்டா, பின்வாசல் கதவில் மணி உண்டா என்று நேரில் நடந்து பாருங்கள். சமீபத்திய புகைப்படமும், கையில் பெயரும் தொலைபேசி எண்ணும் பொறித்த வளையமும் வேண்டும். ஆள் காணவில்லை என்றால் முதலில் கிணறும் குளமும் பார்க்கவேண்டும், பதினைந்து நிமிடத்தில் காவல் நிலையத்துக்கும் வீட்டுக்கும் சொல்லவேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். அறையைப் பூட்டிவைப்பது இதற்கு மாற்று ஆகாது.

"முரண்டு பிடிக்கிறார்" என்று ஃபோன் வந்தால்

இங்கேதான் பலரும் தோற்கிறார்கள். இல்லம் அழைத்து, "அடிக்காரு, கத்துராரு, மருந்து போடணும், இல்லன்னா கூட்டிட்டுப் போங்க" என்றதும் பயந்து சரி என்றுவிடுகிறோம். சரி என்பதற்குமுன் ஒரு கேள்வி: இது எப்போது தொடங்கியது?

இரண்டு மூன்று நாளில் திடீரென்று மாறியிருந்தால் அது பெரும்பாலும் மறதி நோய் முற்றியது அல்ல. மூத்திரத் தொற்று, மலச்சிக்கல், நீர் வற்றல், சோடியம் குறைவு, புது மருந்து, எங்கோ எலும்பு முறிவு, நெஞ்சுச்சளி போன்ற ஒன்றாக இருக்கும். அன்றே மருத்துவர் பார்க்கவேண்டும். திடீரென்று சோர்ந்து தூங்கிக்கொண்டே இருப்பதும் இதே கணக்குத்தான். கத்தாததால் அதை யாரும் கவனிப்பதில்லை.

மெல்ல வந்த மாற்றம் என்றால் ஏழு நாள் நோட்டுப் போடச் சொல்லுங்கள். ஐந்து கட்டம்: நேரம், அதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், பணியாளர் என்ன செய்தார், எப்படி அடங்கியது. கோடு போட்ட நோட்டை நீங்களே வாங்கிக் கொடுங்கள், இல்லாவிட்டால் அது வராது.

ஏழாம் நாள் படித்தால் பெரும்பாலும் ஒரு வடிவம் தெரியும். ஏழில் ஐந்து சண்டை குளிக்கும்போது என்று வையுங்கள். முன்பின் தெரியாத ஆள் துணியைக் களைகிறார், தலையில் சடாரென்று பச்சைத்தண்ணீர் விழுகிறது. யாராக இருந்தாலும் கையை ஓங்கத்தான் செய்வார்கள். மாற்றக் கேட்கவேண்டியது: தினமும் ஒரே பணியாளர், அம்மாவுக்குப் பெண் பணியாளர், வெதுவெதுப்பான நீர், காலிலிருந்து தொடங்கி மேலே, தோளில் துண்டு போர்த்தியபடி, தலைக்கு வாரம் ஒருமுறை. மனமில்லாத நாளில் ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும், ஒன்றும் குறைந்துவிடாது.

மருந்துச் சீட்டைப் படியுங்கள்

மாதம் ஒருமுறை சீட்டையும் மாத்திரை அட்டையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ரிஸ்பெரிடோன், ஓலன்சபின், குவட்டியாபின், ஹாலோபெரிடால் என்ற, ஆளை அடக்கும் மனநோய் மருந்துகள் இருந்தால் மூன்று கேள்வி: எதற்காக, யார் எழுதினார், எந்தத் தேதியில் குறைத்துப் பார்ப்பீர்கள். இந்த வகை மருந்துகள் மறதி நோயுள்ள முதியவர்களின் இறப்பு வாய்ப்பை ஏறத்தாழ 1.6 முதல் 1.7 மடங்காக உயர்த்துவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இல் எச்சரித்தது, 2008இல் ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளையும் அந்த எச்சரிக்கையில் சேர்த்தது. ஒருபோதும் கூடாது என்று சொல்லவில்லை. தனக்கோ பிறருக்கோ காயம் ஏற்படும் நிலையில், வேறு வழிகள் பலிக்காதபோது, குறைந்த அளவில், சில வாரங்களுக்கு மனநல மருத்துவர் எழுதலாம். தவறு எங்கே நடக்கிறது என்றால், ஆறு வாரத்துக்கு எழுதிய சீட்டு ஆறு வருடம் ஓடுகிறது. நிறுத்தும் தேதியை யாரும் எழுதுவதில்லை. நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, மருத்துவர் படிப்படியாகக் குறைக்கவேண்டும்.

கூடவே டிரைஹெக்சிபெனிடில் இருக்கிறதா பாருங்கள். மேலே சொன்ன மனநோய் மருந்துகளால் வரும் நடுக்கத்துக்குக் கொடுப்பது. அதுவே ஓர்மையைக் குழப்பும், மூத்திரத்தை அடைக்கும், மலத்தைக் கட்டும். அமிட்ரிப்டிலின், மூத்திரம் அடங்கக் கொடுக்கும் ஆக்சிபூட்டினின், சளிக்குக் கொடுக்கும் குளோர்ஃபெனிரமின் ஆகியவையும் இப்படித்தான். சளி மாத்திரையால் ஒரு வாரம் குழம்பிப்போனவரை நோய் முற்றிவிட்டதாக எழுதிவைப்பது உண்டு. அல்பிரசோலம், லோரசிபம் போன்ற தூக்க மாத்திரைகள் விழச்செய்யும். டோனபெசில் எடுப்பவருக்கு இரவில் கெட்ட கனவு வந்தால், காலையில் கொடுக்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள், பலருக்கு அதோடு தீர்ந்துவிடும்.

கட்டிப்போடுதல்

சேலையால் நாற்காலியோடு கட்டுவது, கையைக் கட்டில் கம்பியோடு கட்டுவது, அறையில் பூட்டுவது, எழ முடியாதபடி மேசையை முன்னால் தள்ளி வைப்பது எல்லாம் ஒன்றே. "விழுந்திரக் கூடாதேன்னுதான்" என்பார்கள், அந்தக் கவலை உண்மையானது. ஆனால் கட்டிப்போட்டவருக்குத் தசை கரைந்து, அவிழ்த்த நாளில் இன்னும் எளிதாக விழுவார். கட்டில் தடுப்புக்கம்பியும் அப்படித்தான், ஏறித் தாண்டப்போய் இன்னும் உயரத்திலிருந்து விழுவார். தாழ்ந்த கட்டில் அல்லது தரையில் மெத்தை, இரவு விளக்கு, ஈரமில்லாத தரை, பின்வார் உள்ள செருப்பு, குறித்த நேரக் கழிப்பறை இவற்றைக் கேளுங்கள்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 97, தனிமைச் சிறையை முற்றாகத் தடுக்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு கட்டலாம். காரணமும் நேரமும் பதிவாகவேண்டும், நியமனப் பிரதிநிதிக்கு, அதாவது நோயாளி தன் சார்பில் பேச நியமித்தவருக்கு, 24 மணி நேரத்துக்குள் சொல்லவேண்டும். அது மனநல நிறுவனங்களுக்கான விதி. ஆனால் மனநல மருத்துவமனையிலேயே அனுமதிக்காத ஒன்றை முதியோர் இல்லம் எப்படிச் செய்யலாம் என்று கேட்க அந்தப் பிரிவு கைகொடுக்கும்.

பேச உட்காரும்போது

சாப்பாட்டு நேரத்திலோ பணி மாறும் நேரத்திலோ நர்சை நிறுத்திப் பேசாதீர்கள். பொறுப்பாளரிடம் அரை மணி நேரம் முன்கூட்டிக் கேட்டு வாங்குங்கள், பகல் நர்சும் இருக்கட்டும். நோட்டு, எடைக் கணக்கு, மருந்துச் சீட்டு மூன்றையும் மேசையில் வையுங்கள். குற்றச்சாட்டோடு தொடங்கினால் அவர்கள் தற்காப்புக்குப் போய்விடுவார்கள். குறைந்த சம்பளத்தில் கடினமான வேலை செய்பவர்கள் அவர்கள், நன்றாக நடந்த ஒன்றைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். பிறகு கடிதத்தைக் கொடுங்கள். இப்படி இருக்கலாம்:

"மதிப்பிற்குரிய பொறுப்பாளர் அவர்களுக்கு, தங்கள் இல்லத்தில் 4ஆம் எண் அறையில் தங்கியிருக்கும் என் தாயாருக்கு மறதி நோய் இருப்பதற்கான மருத்துவர் குறிப்பை இணைத்துள்ளேன். கீழ்க்காணும் மூன்றையும் வரும் திங்கள் முதல் செய்து தரும்படி கேட்டுக்கொள்கிறேன். 1. விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணிக்கொருமுறை கழிப்பறைக்கு அழைத்துச் செல்லுதல். 2. நாளுக்கு ஏழு டம்ளர் நீர், குடித்த அளவு பதிவு. 3. மாதம் முதல் ஞாயிறு எடை. புதிய மருந்து தொடங்குமுன் என்னைத் தொலைபேசியில் அழைக்கவேண்டும். நான்கு வாரம் கழித்து இதுபற்றிப் பேச நேரம் ஒதுக்கித் தரவும். எதற்குக் கூடுதல் கட்டணம் தேவை என்றாலும் எழுத்தில் தெரிவிக்கவும்."

இரண்டு படி எடுத்து, ஒன்றில் தேதியோடு கையொப்பம் வாங்குங்கள். வெளிநாட்டில் இருப்பவர் மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, வாரம் ஒரு வீடியோ அழைப்பைச் சாப்பாட்டு நேரத்தில் வைத்துக்கொண்டால் பல விஷயம் தானாகத் தெரியும். ஊரில் இருக்கும் ஒரு உறவினரை, நேரம் சொல்லாமல் மாலை ஆறு மணிக்குப் போய்வரச் சொல்லுங்கள். ஆனால் குடும்பத்தின் சார்பில் பேசுபவர் ஒருவர்தான். அண்ணன் ஒன்று சொல்லித் தங்கை வேறு சொன்னால் இல்லம் இரண்டையும் செய்யாது.

நடக்காவிட்டால்

நான்கு வாரம் பொறுத்து, அதே கடிதத்தின் நகலோடு இல்லத்தை நடத்தும் அறக்கட்டளைக்கோ நிர்வாகத்துக்கோ எழுதுங்கள். அடுத்தது நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சமூக நல அலுவலகம். இல்லம் பதிவு பெற்றதா என்பதையும் அங்கே கேட்கலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்து ரசீது வாங்கலாம். முதியோர் உதவி எண் 14567, மனநல ஆலோசனைக்கு 14416. பணம் வாங்கிக்கொண்டு எழுத்தில் ஒப்புக்கொண்ட கவனிப்பைத் தராவிட்டால் அது சேவைக் குறைபாடு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக்கட்டணம் இல்லை. இங்கெல்லாம் பேசுவது நோட்டும் கையொப்பமிட்ட நகலும்தான். அடி, படுக்கைப்புண், பட்டினி போன்றவற்றுக்கு இந்தப் படிகளில் காத்திருக்காதீர்கள். படம் எடுத்து, அன்றே 108க்கு அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

உடன்பிறந்தவர்கள் இல்லக் கட்டணத்தில் பங்கு தராவிட்டால் 2007ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி பெற்றோரின் சார்பில் கோட்ட அளவிலான தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். அகஸ்தீஸ்வரம், தோவாளை வட்டங்களுக்கு நாகர்கோவில் கோட்டம், மற்றவற்றுக்குப் பத்மநாபபுரம்.

இன்னொரு காகிதத்தை நேரம் இருக்கும்போதே முடியுங்கள். அப்பா கொடுத்த பவர் பத்திரம் எப்போதும் செல்லும் என்று பலர் நம்புகிறார்கள். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், பிரிவு 201இன்படி கொடுத்தவர் சித்தத் தெளிவை இழந்தால் அது முடிந்துபோகும். அதன்பின் உயர்நீதிமன்றத்தில் பாதுகாவலர் உத்தரவு வாங்கவேண்டிவரும். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் நியமனப் பிரதிநிதியை, ஆள் தெளிவாக இருக்கும்போது வெற்றுத்தாளில் எழுதிக் கையொப்பமோ கைநாட்டோ வைத்து நியமிக்கலாம். கடைசிக் கட்டத்தில் விழுங்க முடியாமல் போனால் மூக்குக் குழாய் வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டு எழுதி வையுங்கள். முற்றிய மறதி நோயில் குழாய் ஆயுளைக் கூட்டுவதில்லை, புரையேறுவதையும் தடுப்பதில்லை. பொறுமையாகக் கையால் ஊட்டுவதையே முதியோர் மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். அதற்கு ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். அந்த நேரத்தை இல்லத்தில் யார் தருவார் என்று கேட்டு, பெயரை எழுதி வாங்குங்கள்.